போய்ச் சேராத மிச்சம்

இன்று பாபநாசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்றின் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. சார்ஜ் ஏறாத போனைக் கொடுத்துவிட்டுத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கடைக்காரர் ஈயத்தைப் பற்றவைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம், உன் ஞாபகம் வந்துவிட்டது. நம் ஆபீசில் எல்லோரும் அந்தப் புகைக்குப் பயந்து தள்ளித் தள்ளி உட்காருவோம். நீ மட்டும் பற்றவைக்கிற மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சர்க்யூட் போர்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் நானும் இருக்க வேண்டும் என்பாய்.

கடைக்காரர் போனை நீட்டி, சரியாகிவிட்டது என்றார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். இன்னும் என்ன வேண்டும் என்பது மாதிரி அவர் பார்த்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் ஒரு சம்பா முழுதாக முடிந்துவிட்டது. உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் நீ என்ன வேலை செய்தாய் என்று விளக்கப் போனால் பாதிப் பேருக்குக் கண் சொருகிவிடுகிறது. உன் தெருவில் உன்னைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பெண் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நீயும் சிரித்துக்கொண்டு சரி என்று தலையாட்டிவிடுவாய். எனக்குத்தான் கோபம் வரும். நீ எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆள் வேண்டும், அப்படிப்பட்ட வேலை அது.

தஞ்சாவூரில் நம் கம்பெனி ஒரு மாடியில் இருந்தது. கீழே உரக்கடை, மேலே நாம். நெல்லின் ஈரப்பதம் பார்க்கிற கருவி செய்தோம். விவசாயியின் டோக்கனைக் காட்டி, ஒரு பிடி நெல்லைக் கிண்ணத்தில் போட்டு மூடினால், ஈரம் எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டும். டோக்கன் எண்ணும் ஈரமும் போட்டுச் சிட்டை அடித்துத் தரும். அந்த ஒரு எண் என்னவெல்லாம் செய்யும் என்று டெல்டாவில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதினேழுக்குள் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள். தாண்டினால் அத்தனை நெல்லையும் திருப்பிக் கொண்டுபோய், வானத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி காயவைக்க வேண்டும்.

கருவிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதில் நீ கீழே, நான் மேலே. கீழே இருப்பது கெர்னல், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்பகுதி. எல்லாவற்றுக்கும் பொறுப்பு அதுதான். சென்சாரிடமிருந்து அளவை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே உட்கார்ந்திருந்த, டிரைவர் என்கிற உன் புரோகிராம். மேலே திரையில் காட்டுவதும் சிட்டை அடிப்பதும் என் புரோகிராம். அளவு வேண்டுமென்றால் நான் உன்னிடம்தான் கேட்க வேண்டும். என் நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியைக் கொடுத்து, இந்த இடத்தில் போடு என்று கேட்பேன். இதில்தான் வினை இருக்கிறது. கெர்னலுக்கு எங்கே வேண்டுமானாலும் எழுத அதிகாரம் உண்டு. நான் தெரியாமல் ஒரு தப்பான முகவரியைக் கொடுத்து, நீ கண்ணை மூடிக்கொண்டு அங்கே எழுதினால், கெர்னல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். கருவி மொத்தமும் உறைந்து நின்றுவிடும். அதனால் அந்த எல்லையைத் தாண்டிப் போகிற எதுவும், வருகிற எதுவும், அதற்கென்றே இருக்கிற நகலெடுக்கும் வழியில்தான் போய்வர வேண்டும். கொடுத்த முகவரி என் எல்லைக்குள் இருக்கிறதா, கேட்ட நீளம் அந்த எல்லைக்குள் முடிகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஒரு பைட்டாவது நகரும்.

வந்த புதிதில் இது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரே கம்பெனி, ஒரே கருவி, அடுத்தடுத்த நாற்காலி. என் புரோகிராம் கொடுக்கிற முகவரியை ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார்க்கிறாயே, என் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். நீ திரையிலிருந்து தலையைக் கூடத் திருப்பவில்லை.

"உன்ன நம்பறேன்பா. நீ குடுக்கற அட்ரஸத்தான் நம்ப மாட்டேன்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில் வெளியூரிலிருந்து கருவியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். முதலாளி பெருமையாக ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது, என் புரோகிராம் எங்கேயோ தடுமாறி, கண்டபடி ஒரு முகவரியை உன்னிடம் நீட்டியது. உன் டிரைவர் அதைப் பார்த்து, வாங்க மறுத்து, பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது. திரை ஒரு கணம் தயங்கியதோடு சரி. வந்தவர்கள் டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டினார்கள். அவர்கள் போன பிறகு கெர்னல் எழுதி வைத்த குறிப்புகளைத் திறந்து பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி வைத்திருந்தாய்: இது உன் வீடு இல்ல, பாத்துப் போ. சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றோடு என் ரோஷம் போயிற்று.

என்னிடமிருந்து நீ எதையாவது வாங்கும்போதும் அப்படித்தான். ஒரே முறை உள்ளே நகலெடுத்து வைத்துக்கொள்வாய். சோதிப்பதும் அந்த நகலை, பயன்படுத்துவதும் அந்த நகலை. சோதித்த பிறகு மறுபடி வெளியே போய்ப் படித்தால் அதற்குள் மேலே எதுவும் மாறியிருக்கலாம் என்பாய். நான் புரியாமல் விழித்தபோது கொள்முதல் நிலையத்தை வைத்தே சொன்னாய். மூட்டையில் குத்தூசி போட்டு நெல் எடுத்தால், கைக்கு வந்ததைத்தான் பார்க்க வேண்டும், அதைத்தான் கிண்ணத்தில் போட வேண்டும். ஒரு பிடியைப் பார்த்துவிட்டு, மூட்டைக்குத் திரும்பிப் போய் இன்னொரு பிடியைக் கிண்ணத்தில் போட்டால் பார்த்தது ஒன்று, அளந்தது ஒன்று. எத்தனையோ பேர் எத்தனையோ மேடையில் இதை விளக்கிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு லேசாக யாரும் சொன்னதில்லை.

ஆனால் உனக்கு எல்லாவற்றிலும் ரொம்பப் பிடித்தது வேறொன்று. அந்த நகலெடுக்கும் கட்டளை வேலையை முடித்ததும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். எத்தனை பைட் போனது என்று சொல்கிற எண்ணாக்கும் என்று நான் நினைத்திருந்தேன். எத்தனை போகவில்லை என்று சொல்கிற எண் அது. பூஜ்யம் வந்தால் எல்லாம் போய்ச் சேர்ந்தது. வேறு எந்த எண் வந்தாலும் அவ்வளவும் வழியில் நின்றுவிட்டது. இது என்ன தலைகீழ் வழக்கம் என்று நான் சலித்துக்கொண்டேன். நீ அன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து உட்கார்ந்தாய்.

"மேட்டூர்ல எவ்வளவு தொறந்தாங்கன்னு பேப்பர்ல போடுவாங்க. எங்க ஊர்ல அது ஒரு கணக்கா? எத்தன வயலுக்கு இன்னும் வந்து சேரலைங்கறதுதான் கணக்கு. இத எழுதினவன் கண்டிப்பா ஒரு கடைமடைக்காரனாத்தான் இருக்கணும்."

உன் ஊர் பட்டுக்கோட்டையைத் தாண்டி, அதிராம்பட்டினம் போகிற வழியில், வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிறது. அணை திறந்து எல்லா ஊரும் நாற்று விட்ட பிறகுதான் அங்கே தரை நனையும், சில வருடம் அதுவும் இல்லை. அந்த ஊரில் பிறந்ததால்தானோ என்னவோ, போனதைக் கேட்டு உனக்குத் திருப்தி வராது. எல்லாக் கருவியும் அனுப்பியாச்சு என்று முதலாளி சொன்னால், எது போகல சார் என்பாய். எல்லாருக்கும் சொல்லியாச்சும்மா என்றால், யாருக்குச் சொல்லல என்பாய். அவர் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். என் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வந்து உட்கார்ந்தபோதும், யாரெல்லாம் விட்டுப்போச்சு என்றுதான் கேட்டாய். விட்டுப்போனவர் ஒருவர் இருந்தார், என் சொந்தத் தாய்மாமா. நீ கேட்டிருக்காவிட்டால் என் கதி என்ன ஆகியிருக்கும்?

பரிசோதனைக்கு என்று முதல் கருவிகளை அனுப்பியபோது, ஒன்று உன் ஊர்க் கொள்முதல் நிலையத்துக்கே போனது. உன் அப்பாவுக்கு அன்று கால் தரையில் படவில்லை. உன் தாத்தா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். உன் அப்பா குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்து, சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர். அந்த வீட்டுப் பெண் செய்த கருவியில்தான் இனி ஊர் நெல்லையெல்லாம் அளப்பார்கள். யார் நிலத்தில் உன் தாத்தா குனிந்து நட்டாரோ அவர்கள் வீட்டு நெல்லும் அதில்தான். நிலையத்தில் கருவியை வைத்தபோது உன் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். யார் கேட்டாலும், "நம்ம புள்ள செஞ்சதுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் பேசினால் கண் கலங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

நான் சொல்ல வந்தது அந்த வருடம் தை மாதம் நடந்தது. கருவி எப்படி ஓடுகிறது என்று பார்க்க நாம் இரண்டு பேரும் போயிருந்தோம். அறுப்பு முடிந்து நிலையத்தின் முன்னால் மலை மலையாக நெல் குவிந்து கிடந்தது. பருவம் தப்பி மேகம் திரண்டுகொண்டிருந்தது. கடல் பக்கத்திலிருந்து காற்று குளிர்ந்து அடித்தது. எல்லோருக்கும் பதற்றம், மழைக்கு முன்னால் அளந்து மூட்டை தைத்து ஏற்றிவிட வேண்டும். பட்டியல் எழுத்தர் தலை நிமிராமல் வேலை பார்த்தார். ஒருவருடைய சிட்டை அச்சாகி முடிவதற்குள் அடுத்தவருடைய டோக்கனைக் காட்டி நெல்லையும் போட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து வயல்காரர் செல்லையாவின் நெல் முதலில். பதினாறு புள்ளி மூன்று. அந்தச் சிட்டை அச்சாகிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பாவின் நெல் கிண்ணத்துக்குள் விழுந்தது. அவர் டோக்கன் எண் வந்தது, பதினாறு புள்ளி மூன்று என்று காட்டியது, சிட்டையும் வந்தது. உன் அப்பா அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். லோடுமேன்கள் அவர் குவியலுக்குச் சாக்கோடு போய்விட்டார்கள். எனக்கு நிம்மதி. மழைக்கு முன்னால் உன் வீட்டு நெல் தப்பித்தது, இனி டீ குடிக்கப் போகலாம் என்று உன்னைப் பார்த்தேன். நீ செல்லையாவிடம் சிட்டையைக் கேட்டு வாங்கி, அப்பா சட்டைப்பையிலிருந்த சிட்டையையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்தடுத்த வயல், ஒரே ரகம், ஒரே வாரத்தில் அறுத்தது, ஒன்றாக இருப்பதில் என்ன ஆச்சரியம் என்றேன். புள்ளிக்கு அப்புறம் கூடவா என்று கேட்டுவிட்டு, பட்டியல் எழுத்தரிடம் போய், அப்பா நெல்லை இன்னொரு தடவை போடச் சொன்னாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாஸாயிடுச்சேம்மா, இன்னும் என்ன?" என்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் உன்னைத் தனியாக இழுத்துப் போய், ஏதாவது கோளாறு இருந்தால் ஆபீசுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், மூட்டையைத் தைக்கட்டும், மழை வருகிறது என்றேன்.

"அதுல இருக்கறது எங்கப்பா டோக்கன். அந்த ஈரம் அவர் நெல்லோடதான்னு எனக்குத் தெரியல. தெரியாம எப்படிப்பா தைக்க விடறது?"

மறுபடி போட்டார்கள். பத்தொன்பதைத் தாண்டிக் காட்டியது. இன்னொரு பிடி எடுத்துப் போட்டார்கள், அதுவும் அப்படித்தான். நீ திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மெஷின் தப்பு பண்ணிடுச்சு, நான் எழுதினதுதான், காலையிலேருந்து சிட்டை வாங்கின எல்லாரும் இன்னொரு தடவை பாக்கணும் என்றாய். குரல் நடுங்கவில்லை. காலையில் ஈரம் என்று ஒதுக்கப்பட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் குவியலுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்த ஒருவரின் நெல் இப்போது பாஸானது. அவர் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நீ அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவர் கையை நீட்டிச் சிட்டையை வாங்கி எழுத்தரிடம் திருப்பிக் கொடுத்தார். தைத்த மூட்டைகளைப் பிரிக்கச் சொன்னார். டிராக்டர்காரரை அவரே போய்க் கூட்டி வந்தார். உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, உன் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாம் இரண்டு பேரும் கூடப் போய்க் களத்தில் கொட்டித் தார்ப்பாய் இழுத்து மூடினோம். சாயங்காலம் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்து, வெயில் வந்து பிரித்துப் பார்த்தபோது அடியில் கிடந்த நெல் முளை விட்டிருந்தது. முளைத்ததைத் தள்ளிவிட்டு மீதியைக் காயவைத்துத்தான் உன் அப்பா மறுபடி கொண்டுபோனார்.

தஞ்சாவூருக்குத் திரும்பியதும் கோளாறைக் கண்டுபிடிக்க உனக்கு அரை நாள் கூட ஆகவில்லை. நினைவகம் அறை அறையாகப் பிரிந்திருக்கும், நான் உன்னிடம் நீட்டிய இடம் அதில் இரண்டு அறைகளில் பாதிப் பாதியாக விழுந்திருந்தது. டோக்கன் எண் முதல் அறையில், ஈரப்பதம் இரண்டாவது அறையில். சிட்டை அச்சாகும்போது அளவு மாறிவிடக்கூடாது என்று இரண்டாவது அறையை மட்டும் நான் பூட்டி வைப்பேன். நிதானமாக ஒவ்வொருவராக அளந்தவரைக்கும் தொந்தரவில்லை. மழைக்குப் பயந்து, பூட்டியிருக்கும்போதே அடுத்த நெல்லைப் போட்டால் புது டோக்கன் எண் உள்ளே போய்விடும், புது ஈரம் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே பழைய ஆளின் ஈரம் அப்படியே இருக்கும். நகலெடுத்த கட்டளை இத்தனை பைட் போகவில்லை என்று ஒழுங்காகச் சொல்லத்தான் செய்தது. மற்ற எல்லா இடத்திலும் அதைக் காதில் வாங்கிய நீ, ஆரம்ப நாட்களில் எழுதிய ஒரே ஓரிடத்தில், திரும்பி வருகிற எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் தப்பு என்று எழுதியிருந்தாய். மிச்சம் எப்படிப் பூஜ்யத்துக்குக் கீழே போகும்? அந்தச் சோதனை இருந்தும் இல்லாததுதான்.

அந்த வரியை எனக்குக் காட்டினாய். முதலாளியையும் நீயே கூப்பிட்டுக் காட்டினாய். அவருக்குச் சரியான கோபம், மற்ற நிலையங்களுக்கு நாள் சொல்லிவிட்டிருந்தார். அந்த வரியை மாற்றிவிட்டு அனுப்பு என்றார். இந்த எல்லையைத் தாண்டுகிற ஒவ்வோர் இடத்தையும் பார்க்காமல் ஒரு கருவியும் வெளியே போகக்கூடாது, ஏற்கெனவே போனதையும் நிறுத்தச் சொல்லுங்கள் சார் என்றாய். அவர் கத்தினார். நீ பதிலுக்குக் கத்தவும் இல்லை, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. கடைசியில் அவர்தான் போனை எடுத்து ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். முடித்துவிட்டு உன் பக்கம் திரும்பி, யாருக்குச் சொல்லலன்னு கேளு, கேளும்மா என்றார். அவ்வளவு கடுப்பிலும் மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

வேண்டுமென்றே அவசரப்படுத்தி, அறையைப் பாதி பூட்டி வைத்து, உன் டிரைவரைத் திணறடிக்கிற சோதனை ஒன்றை எழுதினாய். அதற்கு மழை வருது என்று பேர் வைத்தாய். அதைத் தாண்டாமல் எந்தக் கருவியும் நம் மாடியை விட்டு இறங்கவில்லை. என் பக்கத்தில் நானும், கேட்பதற்கு முன்பே பழைய அளவை அழித்துவிட்டு, முழுதாக வராவிட்டால் மறுபடி போடவும் என்று காட்டும்படி மாற்றினேன். நீ போன பிறகும் எல்லாக் கருவியும் அந்தச் சோதனைக்கு உட்கார்ந்துதான் போகிறது. புதிதாக வருகிறவர்கள் இது என்ன பேர் என்று கேட்பார்கள். முழுக் கதையையும் சொல்லாமல் நான் விடுவதில்லை.

உனக்கு மட்டும் அந்தக் கதை முடியவில்லை என்று எனக்குத் தெரியும். ஒருநாள் ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலேயே சொன்னாய். நெல் முளைத்ததற்காக அப்பாவுக்குக் கோபமில்லை, அது மழை. ஊர் முன்னால் அவர் மூட்டையைப் பிரிக்க வைத்தேன் அல்லவா, அதற்குத்தான். அன்னிக்கு அவர் என் மூஞ்சியப் பாக்கவே இல்லப்பா என்றாய். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் சாப்பிட்டியா என்று கேட்டார், வாய்க்கால் வெட்டாததைப் பேசினார், ஆடு குட்டி போட்டதைப் பேசினார். அந்த நாளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நீயும் கேட்கவில்லை. யாரிடமும் விட்டுப்போனதைக் கேட்கத் தயங்காதவள், உன் அப்பாவிடம் மட்டும் கேட்கப் பயந்தாய்.

பிறகு அடுத்து வந்த ஐப்பசியில் காய்ச்சல் என்று லீவு போட்டாய். சாதாரணக் காய்ச்சல்தான் என்று போனில் சொன்னாய், நானும் அப்படியே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது உனக்கு நினைவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. உன்னை ஊருக்குக் கொண்டுபோன அன்று மழை விடாமல் பெய்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

போன வாரம் கருவியைப் பார்க்க உன் ஊர் நிலையத்துக்குப் போயிருந்தேன். உன் அப்பா வரிசையில் நின்றார். மெலிந்துவிட்டார். அவர் நெல் பாஸானது. சிட்டையை வாங்கிக்கொண்டு, வாங்க தம்பி டீ குடிக்கலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடையில் ரொம்ப நேரம் மழையைப் பற்றியும் உர விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னிக்கு எனக்குத் தெரியுங்க தம்பி."

எனக்குப் பிடிபடவில்லை. என்னப்பா தெரியும் என்றேன்.

"என் நெல்லு ஈரம்னு. காலையிலேயே ஒரு மணிய எடுத்துக் கடிச்சுப் பாத்தேன், நசுங்குச்சு. மழை வருதுன்னு எல்லாரும் கொண்டாந்தாங்க, நானும் கொண்டாந்தேன். திருப்பி அனுப்பிடுவாங்கன்னுதான் நெனச்சேன். மெஷினு பதினாறுன்னு காட்டுச்சு. இல்லங்க, இது ஈர நெல்லுன்னு நான் வாயத் தொறந்தா என்ன ஆவும்? எம்புள்ள செஞ்சது தப்புன்னு அத்தன பேரு முன்னாடி நானே சொன்ன மாதிரி ஆயிடும். அதான் பேசாம பைக்குள்ள வெச்சுக்கிட்டேன்."

சட்டைப்பையிலிருந்த சிட்டையை எடுத்துப் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து வைத்துக்கொண்டார்.

"நான் மறைச்சத அவளே போட்டு ஒடச்சிட்டா. அதுக்கப்புறம் அவ மூஞ்சியப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துச்சுங்க. அது எங்க அவகிட்ட சொல்றது? சொல்லிக்கலாம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். நான் கோவமா இருக்கேன்னு நெனச்சிருப்பாளோ? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த வயதில், அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்ல? வேறு யாரோடு வேலை பார்த்தவனாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். உன் பக்கத்து நாற்காலியில் அத்தனை நாள் உட்கார்ந்துவிட்டு என்னால் முடியவில்லை.

"நெனச்சாப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நெனச்சிருப்பா" என்றார். பிறகு எனக்கும் சேர்த்து டீக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

உன் அப்பா உன்மேல் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அன்று அவர் உன்னைப் பார்க்காமல் இருந்தது, உன்னைக் காப்பாற்றப் போய் உன் முன்னால் சிறுத்துப்போனதால். இது ஒன்றுதான் உன்னிடம் வந்து சேரவில்லை. கொண்டுவந்து கொடுக்க வழி தெரியவில்லை, நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.